தென் திராவிட மொழிகளில் இ/எ, உ/ஒ மாற்றம்

தென் திராவிட மொழிகளில் இ/எ, உ/ஒ மாற்றம் என்பது, சொல்லின் முதல் அசையில் உள்ள இகர, உகரக் குற்றுயிர்கள், அடுத்த அசையில் அகரம் வரும்போது எகர, ஒகரங்களுடன் மயங்குவதைக் குறிக்கும். மூலத் திராவிடச் சொற்களின் உயிரெழுத்துகளை மீட்டுருவாக்கம் செய்வதில் இது முக்கியமான சிக்கல் ஆகும்.

எழுத்துத் தமிழின் இடம், உடல், புகை, விலை ஆகியவற்றுக்கு இணையாகக் கன்னடத்தில் எடெ, ஒடல், பொகெ, பெலெ எனவும், தெலுங்கில் எட, ஒடலு, பொக, வெல எனவும் காணப்படுகின்றன. டி. பரோ 1940இல் இதனை ஆராய்ந்தார். 1958இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, இம்மொழிகளின் பொது மூதாதையிலேயே இ, எ இரண்டும் எகரமாகவும், உ, ஒ இரண்டும் ஒகரமாகவும் இணைந்துவிட்டன என்றும், தமிழ் பின்னர் அவற்றை மீண்டும் இகர, உகரமாக்கியது என்றும் விளக்கினார்.

மூல உயிரைக் கண்டறிதல்

உயிர்கள் இணைந்துவிட்டதால், தமிழ், கன்னடம், தெலுங்கு வடிவங்களை மட்டும் ஒப்பிட்டு மூல உயிரைக் கூற இயலாது. அகரம் தொடராத உறவுச் சொல்லைத் தேடவேண்டும். தமிழ் இரண்டு, கன்னடம் எரடு, தெலுங்கு ரெண்டு என்பன முடிவு தரா. ஆனால் இருவர், இருபது, கன்னட இப்பத்து, தெலுங்கு இத்தரு ஆகியவை மூலம் *இர்- எனக் காட்டுகின்றன. அவ்வாறே விலை என்பதன் இகரம் வில் என்னும் வினையால் உறுதியாகிறது. இத்தகைய சொல் கிடைக்காவிடில், இணைவு நிகழாத பர்ஜி, குருக் போன்ற மொழிகளே துணை. கொடை, தொகை ஆகியவை விலக்குகள். கொடு, தொகு என்னும் வினைகளின் ஒகரமே இவற்றைக் காத்தது எனலாம்.

உரல் என்பதன் தெலுங்கு வடிவம் ரோலு. ஒர-வில் ரகரம் முன்னே வர, ஒ, அ இரண்டும் ஓகாரமாயின.

கரிசல் வழக்கு

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பகுதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே பேசப்படுகின்றன. இங்கும், தமிழகத்தின் பிற பகுதிகளிலும், பேச்சில் எடம், ஒடம்பு, பொகை, கெணறு, நெலம், ஒலக்கை என்பதே வழக்கு. அடுத்த உயிர் உகரமோ இகரமோ ஆயின் மாற்றம் இல்லை: உளுந்து, புளி அப்படியே நிற்கின்றன. இரட்டித்த மெய்க்கு முன்னும் இல்லை. இல்லை என்பது எல்லை ஆவதில்லை. இவ்வளவு ஒழுங்குடைய ஒன்றைக் கொச்சை என ஒதுக்குவது பொருந்தாது. தெலுங்கின் தாக்கம் என்பதும் பொருந்தாது. தெலுங்கு வழங்காத ஊர்களிலும் இது உண்டு.

அதே வேளை, இதனை மூலத் திராவிட ஒலியின் எச்சம் எனவும் கொள்ள இயலாது. குணம், விஷம் போன்ற வடமொழிச் சொற்களும் கொணம், வெஷம் என மாறுவதால், பேச்சுத்தமிழில் இம்மாற்றம் பிற்காலத்தில் மீண்டும் நிகழ்ந்ததாகத் தெரிகிறது. இடைசெவல் ஊரினரான கி. ராஜநாராயணன் (இறப்பு: 2021) தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, இப்பகுதிச் சொற்களைப் பதிவு செய்துள்ளது.

இந்தோ-ஐரோப்பியத்துடன் ஒப்பீடு

மூல இந்தோ-ஐரோப்பியத்தில் வேரின் உயிரே இலக்கண நிலைக்கேற்ப மாறும். 'விட்டுச்செல்' எனும் பொருளுடைய கிரேக்க வேர் லெய்ப்-, லொய்ப்-, லிப்- என மூவகையாக வரும். மேற்கண்ட திராவிட மாற்றம் அவ்வகையன்று. அடுத்த உயிரால் நேரும் ஒலி மாற்றம் மட்டுமே. தமிழில் அதற்குச் சற்று நெருக்கமானவை சுடு-சூடு, கெடு-கேடு, பெறு-பேறு போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். எனினும் இவற்றில் மாறுவது உயிரின் அளவேயன்றித் தன்மையன்று.