வெல்லுதலும் உழைத்தலும்

மக்கள் மறந்துவிட்ட செய்திகளை அவர்தம் சொற்கள் மறப்பதில்லை. அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் ஏடுகளில் நின்று நிலவ, உழைத்தோர் வாழ்வு பெரும்பாலும் சொற்களுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றது. வெற்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, இன்று எவ்வாறு வழங்குகின்றன, நம் மலைநாட்டு வரலாற்றோடு அவற்றிற்கு யாது தொடர்பு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியைப் பொகவந்தலாவையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாம். அவ்வூர்ப் புனித மரியாள் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஹே கமரன் என்பாரும், புகைப்படக் கலையால் உலகப் புகழ் எய்திய அவர்தம் மனைவியார் ஜூலியா மார்கரெட் கமரனும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அம்மையார் 1879இலும் கணவர் 1880இலும் காலமாயினர். கோல்புறூக் கமரன் ஆணைக்குழு என வரலாற்று மாணவர் படிக்கும் குழுவின் இரண்டாமவர் இவரே. அக்குழுவினரின் ஆராய்வின் பயனாக 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. 1833இல் ஆட்சியும் நீதிமுறையும் திருத்தப்பட்டன. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலக் கல்வியே வாயில் என்னும் நிலையும் உருவாயிற்று. அந்நூற்றாண்டிலேயே கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராய் வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. ஆங்கில மொழியும் தமிழ் உழைப்பும் இம்மலைகளில் ஒன்றையொன்று எதிர்கொண்டது இவ்வாறே.

இனி ஆங்கிலச் சொற்களை நோக்குவாம். நம் மாணவர் நாவில் மிகுதியும் வழங்குவது ‘வின்’ என்னும் சொல். ஆட்டத்தில் வெல்லுதலே அதன் முதற்பொருள் எனப் பலர் எண்ணுவர். உண்மை வேறு. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘வின்னன்’ என நின்றது. பாடுபடுதல், போராடுதல், துன்பம் பொறுத்தல் என்பனவே அதற்குப் பொருள்கள். முன்னொட்டு ஒன்று சேர்ந்தவழிப் பாடுபட்டு ஒன்றை அடைதல் என்னும் பொருள் தோன்றியது. காலப்போக்கில் முன்னொட்டு மறைந்தது; பாடு என்னும் பொருளும் மங்கியது; பயன் என்னும் பொருளே எஞ்சியது. எனினும் பழம்பொருளின் சாயல் அடியோடு அழிந்திலது. நிலத்தை அகழ்ந்து நிலக்கரி எடுத்தலைச் சுரங்கத் தொழிலார் இன்றும் இச்சொல்லாற் குறிப்பர். குடும்பத்துக்கு உழைத்து உணவளிப்பவரைப் ‘பிரெட்வின்னர்’ என்பதும் அதன்பாற்பட்டதே. அவர் அப்பத்தைப் பந்தயத்தில் வென்றவரல்லர், பாடுபட்டுப் பெற்றவர்.

இதற்கு இனமான வேறிரு சொற்களும் உள. சம்பாதித்தலைக் குறிக்கும் ‘ஏர்ன்’ என்னும் சொல் அறுவடை வேலையைக் குறித்த பழைய செர்மானிய வேரிலிருந்து பிறந்தது. செர்மன் மொழியில் அறுவடைக்கு வழங்கும் ‘ஏர்ன்ட்ட’ என்னும் பெயர் அதன் உறவு. ஆதாயத்தைக் குறிக்கும் ‘கெயின்’ பிரெஞ்சு வழியாக வந்தது. பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல் நிலத்தை உழுது பயிரிடுதலையும் உணர்த்தியது. ஆகவே, ஆங்கிலேயர் நாள்தோறும் வழங்கும் எளிய சொற்கள் மூன்றும் வயலிலும் வியர்வையிலும் வேர்கொண்டவை என்பது போதரும்.

பெருமிதமான சொற்களோ வேறு வழியில் வந்தன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. ‘விக்டரி’ என்பது அம்மொழி வாயிலாகப் புகுந்த இலத்தீன் சொல். ‘கொங்கர்’ என்பதன் இலத்தீன் மூலம் தேடித் திரட்டுதலைக் குறித்தது. பின்னரே நாடு பிடித்தலைக் குறிப்பதாயிற்று. ‘ட்ரையம்ப்’ என்பது வென்ற தளபதிக்கு உரோமாபுரி மன்று அளித்த வெற்றி ஊர்வலத்தின் பெயர். வெற்றியைக் கொண்டாடியோர் சொற்கள் இவை. வெற்றிக்காக உழைத்தோர் சொல் ‘வின்’ என்பதே.

இவற்றின் இன்றைய வழக்கிலும் இவ்வேறுபாடு புலனாகும். அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் ‘வின்’ என்பதையே ஆள்வர். ‘விக்டரி’ மேடைக்கும் செய்தித்தாள் தலைப்புக்கும் உரியது. ‘ட்ரையம்ப்’ அதனினும் அரிது. மாணவர் கருதத்தக்க மற்றொரு நுட்பமும் உண்டு. ஆட்டம், பரிசு, தேர்தல், உரிமை, நன்மதிப்பு ஆகியவை ‘வின்’ என்னும் வினைக்குச் செயப்படுபொருளாகும், தோற்றவர் ஆகார். அவரைச் சொல்லுமிடத்து ‘பீட்’ அல்லது ‘டிபீட்’ என்றே சொல்லவேண்டும். தமிழில் போரை வென்றான், பகைவனை வென்றான் என இருவகையாகவும் வழங்குதலின், நம் மாணவர் ஆங்கிலம் எழுதுங்கால் இவ்விடத்தில் தவறுவது இயல்பே. ‘ஓவர்’ என்பது உடன்சேரின் பொருள் மாறி, ஒருவர் மனத்தைத் தம்பால் திருப்புதலைக் குறிக்கும்.

தமிழின் நிலை யாது? வெல் என்னும் அடியிலிருந்து வெற்றியும் வென்றியும் பிறந்தன. கொற்றம் என்பது அரசர்க்குரிய வெற்றியாய்க் கொற்றவை என்னும் தெய்வப் பெயரோடு இயைந்து நின்றது. சயம் வடசொல். வென்றோர் சூடிய பூவால் வாகை என்னும் பெயர் வெற்றிக்கே ஆயிற்று. தேயிலைக்கு நிழல்தர வளர்த்த அல்பீசியா மரங்கள் அவ்வாகைக்கு இனமானவை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. தொல்காப்பியர் வாகைத்திணையைப் போர்வெற்றி ஒன்றற்கே உரியதாக்கவில்லை. தத்தமக்குரிய தொழிலிலும் ஒழுக்கத்திலும் மேம்படுதல் யாவும் வாகையென்றே கொண்டார். அத்திணையின் துறைகளை வகுக்குமிடத்து உழவர் நெற்களத்தையும் வீரர் போர்க்களத்தையும் அடுத்தடுத்து வைத்தார். அறுவடைக்களத்து உழைப்பும் வெற்றியே என்னும் கருத்து, ஆங்கில மக்களின் எளிய சொற்களுள் மறைந்து கிடக்க, தமிழில் இலக்கணமாகவே வெளிப்பட்டு நிற்கின்றது.

இவ்விரு களங்களோடு மூன்றாவது களம் ஒன்று மலைநாட்டில் உண்டு. அது பிரட்டுக்களம். விடியற்காலையில் தொழிலாளர் கூடி அன்றைய வேலையை ஏற்குமிடம் அது. ‘பரேட்’ என்னும் ஆங்கிலப் படைச்சொல் தோட்டத் தமிழிற் பிரட்டாயிற்று. ‘லைன்’ லயமாயிற்று; தேயிலைத் தொழிற்சாலை ‘ஸ்டோர்’ எனப்பட்டது. இவ்வாறு ஆங்கிலத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த சொற்கள் பெரும்பாலும் ஏவலையும் இருப்பிடத்தையும் வேலையையும் குறிப்பன. ஈட்டத்தைக் குறிக்கத் தொழிலாளர் தம் தாய்மொழிச் சொல்லையே ஆண்டனர். செக்ரோலில் பெயர் விழுந்தாலன்றிக் கூலி இல்லை. ஆதலின் ஒருநாட் கூலிக்குப் ‘பேர்’ என்றே பெயராயிற்று. குறித்த அளவு கொழுந்து கொய்யாதார்க்கு ‘அரைப்பேர்’ கிடைத்தது. பாதிநாட் கூலியை இழந்தவர் தம் பெயரிலேயே பாதியை இழந்தவராய்ச் சொல்லப்பட்டமை எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துவதாகும்.

அம்மக்கள் வென்றவை யாவும் பழைய ‘வின்னன்’ என்னும் சொல்லின் பொருளில் வென்றவையே. கடன்சுமையைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் வந்த டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அட்டன் தொகுதியில் அவ்வாண்டு பெரி சுந்தரமும், 1936இல் கோ. நடேசய்யரும் சட்டசபைக்குத் தெரிவாயினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசு ஏழு தொகுதிகளில் வென்றது. அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவரும் வாக்கற்றவரும் ஆக்கின. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்மானிக்கப்பட வேண்டியோர். செக்ரோலிற் பேராயிருந்தோர் இவ்வொப்பந்தத்தில் வெறும் தொகையாயினர்.

எனினும் பாடு வீண்போகவில்லை. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1984இல் பெண் தொழிலாளர்க்கும் ஆடவர்க்கு ஒத்த நாட்கூலி கிடைத்தது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் நிலைக்கு முடிவு தேடியது. நாளொன்றுக்கு 1,000 ரூபா என்னும் கோரிக்கை பல்லாண்டு நீடித்து, 2021இல் சம்பள நிர்ணய சபை வாயிலாக நிறைவேறியது. இவற்றுள் எதனையும் ‘ட்ரையம்ப்’ எனல் பொருந்தாது; ஊர்வலம் நடத்தத்தக்க நிறைவு எதிலும் இருந்ததில்லை. ஒன்றை வென்றபின் அடுத்ததற்குப் பாடுபடவேண்டியிருந்தது.

ஆகலின், ‘வின்’ என்னும் சொல்லை விளையாட்டிடத்து எழுப்பும் முழக்கமாக மட்டும் மாணவர் கற்றல் போதாது. மூங்கிற் கூடை சுமந்து மலைச்சரிவேறிய மூதாட்டி ஒருத்தி அச்சொல்லை அறியாதவளாயிருக்கலாம். அதன் முதற்பொருளை அவளினும் நன்கறிந்தார் இலர். பொகவந்தலாவைக் கல்லறையில் கமரனின் பெயர் கல்லில் நிற்கின்றது. அவளது பெயரோ செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்டு, ஏடு மாறியதும் மறைந்துவிட்டது. அப்பெயர்களைத் தேடித் தொகுத்து வரலாற்றில் சேர்ப்பது, அவள் உழைப்பாற் கல்விபெற்ற தலைமுறைக்குரிய கடனாகும். அதுவும் பாடுபட்டு வெல்லவேண்டிய ஒன்றே.