சரசுவதி மகாலில் தங்கிய சங்கீதம்

தஞ்சாவூரின் இசைப் பெருமையைப் பேசும்போது பாடியவர்களையும் பாட்டு இயற்றியவர்களையும் போற்றுகிறோம். எழுதி வைத்தவர்களையும் ஏடு காத்தவர்களையும் அதே மரியாதையுடன் நினைக்க வேண்டும். அவர்களுடைய உழைப்பின் உறைவிடம், தஞ்சை அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகம். அரச குடும்பத்தின் சொந்தச் சேமிப்பாக வளர்ந்த அந்தக் களஞ்சியத்தின் இசைப் பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

இதன் வேர் நாயக்கர் காலத்தில் இருக்கிறது. ரகுநாத நாயக்கரின் அவையில் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர், மன்னர் பெயரால் ‘சங்கீத சுதா’ என்ற இலக்கண நூலை உருவாக்கினார். அவருடைய மகன் வேங்கடமகி, விஜயராகவ நாயக்கர் காலத்தில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யை எழுதி, 72 மேளங்களுக்கான கணக்கை வகுத்தார். இன்று மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மேளகர்த்தா முறை அந்தக் கணக்கிலிருந்துதான் வளர்ந்தது.

பின்னர் வந்த மராட்டிய மன்னர்கள் அரண்மனையோடு நூலகத்தையும் ஏற்றுப் பெருக்கினார்கள். 1684 முதல் 1712 வரை ஆண்ட சாஹஜி, தாமே தெலுங்கில் ‘பல்லகி சேவா பிரபந்தம்’ போன்ற இசை நாடகங்களை எழுதியவர். அவருடைய காலத்தில் ராகங்களின் இலக்கணம் தனியே தொகுக்கப்பட்டது. 1728-இல் பட்டமேறிய துளஜா ‘சங்கீத சாராம்ருதம்’ இயற்றினார்.

நூலகத்தின் இசைச் செல்வத்தில் முதலிடம் தர வேண்டியவை, ஸ்வரப்படுத்தி எழுதப்பட்ட சுவடிகள். கீதம், பிரபந்தம், தாயம், ஆலாபம் ஆகிய நான்கும் சதுர்தண்டி எனப்படும். அக்காலக் கச்சேரி முறைக்கு இந்த நான்கும்தான் தூண்கள். கீதம் இன்று ஆரம்பப் பாடமாக மட்டும் நிற்கிறது. பிரபந்தமும் தாயமும் மேடையை விட்டுப் போய்விட்டன. ஆலாபமோ மனோதர்மத்தில் அந்தந்த நேரம் பிறந்து மறைவது. அந்த ஆலாபத்தைக்கூட ஸ ரி க ம என்று ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்திருக்கிறார்கள் தஞ்சை வித்வான்கள். ஒரு ராகத்தில் எந்தப் பிடியில் தொடங்கினார்கள், எந்த ஸ்வரத்தில் நின்றார்கள், எங்கே முடித்தார்கள் என்பதற்கு நேர்ச் சாட்சி அந்த ஏடுகள். இன்று நாம் பாடும் ராகம் சாஹஜி காலத்தில் எப்படி இருந்தது என்று கேட்பவருக்குப் பதில் சொல்லக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் முதன்மையானது இது.

1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி இந்த நூலகத்தின் பெருங்கொடையாளர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. கோட்டையும் அரண்மனையும் மட்டும் மிஞ்சிய நிலையில், அவர் தம் ஆற்றலையெல்லாம் கல்வியில் செலுத்தினார். காசி யாத்திரை சென்றபோதும் சுவடிகளைத் திரட்டினார். ஐரோப்பிய நூல்களை வரவழைத்துப் படித்து, அவற்றில் தம் கையெழுத்தையும் இட்டார். மேற்கத்திய இசை அவருடைய அரண்மனையில் பேண்டு வாத்தியமாக ஒலித்தது. அதன் நொட்டேஷன் புத்தகங்களும் சேமிப்பில் சேர்ந்தன. நாட்டியத்துக்காக மராத்தியில் அமைந்த நிரூபணங்கள், ஒரே ராகத்தில் ஒரே தாளத்தில் ஒரு முழு ஆட்ட வரிசையைத் தருகின்றன. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நாட்டிய ஆசான்கள் நால்வர் விளங்கியதும் அவருடைய அவையில்தான். தெலுங்கும் மராத்தியும் தமிழும் வடமொழியும் ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால்தான் தஞ்சை புதியதை அஞ்சாமல் ஏற்றது.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் கம்பெனி அரசு அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. அரச குடும்பத்துப் பெண்கள் வழக்காடினார்கள். பின்னாளில் சொத்துகள் குடும்பத்துக்குத் திரும்பின. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் வடமொழிச் சுவடிகளுக்கு ஆங்கிலத்தில் அட்டவணை தயாரிக்க, 1880-இல் அது நூலாக நிறைவுற்று, இங்கே என்ன இருக்கிறது என்பதை வெளியுலகம் அறிந்தது. 1918 அக்டோபர் 5 அன்று நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. தஞ்சைப் பண்டிதர் குடும்பங்கள் சிலவும் தங்கள் வீட்டுச் சுவடிகளைக் கொண்டுவந்து சேர்த்தன.

சுமார் 49,000 சுவடிகளைக் கொண்ட இந்த நூலகத்தில் பெரும்பகுதி வடமொழி நூல்கள். பூச்சி அண்டாமலிருக்க வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கர்ப்பூரம் ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைப்பது இங்குள்ள பழைய வழக்கம். ஏட்டைக் காப்பது அத்துடன் முடிவதில்லை; அது படிக்கப்பட வேண்டும். ‘சங்கீத சாராம்ருதம்’ 1942-இல் சென்னை மியூசிக் அகாடமி வெளியீடாக அச்சேறியது. டாக்டர் எஸ். சீதா, சாஹஜியின் ராக இலக்கணத்தைப் பதிப்பித்தார். தஞ்சையின் இசை வரலாற்றை இந்தச் சுவடிகளைக் கொண்டே எழுதினார்.

இன்னும் செய்ய வேண்டியது மிகுதி. ஸ்வரப்படுத்திய ஏட்டை வாசிக்க எழுத்தறிவும் வேண்டும், இசையறிவும் வேண்டும். தெலுங்கு, கிரந்தம், தேவநாகரி எழுத்துகளைக் கற்ற பாடகர்கள் அரிதாகிவிட்டார்கள். சுவடி வாசிக்கத் தெரிந்தவர்களில் பாடக் கூடியவர்களும் அரிது. இசைக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தில் சுவடிப் பயிற்சிக்கு இடம் தரட்டும். சபைகள் ஆண்டுக்கு ஒரு மேடையைத் தாயத்துக்கும் பிரபந்தத்துக்கும் ஒதுக்கட்டும். புரவலர்கள் இளம் வித்வான்களுக்கு உதவித்தொகை தந்து தஞ்சைக்கு அனுப்பட்டும். மன்னர்கள் சேர்த்தார்கள், அரச குடும்பம் ஊருக்குக் கொடுத்தது, பண்டிதர்கள் காத்தார்கள். அதைப் பாடிக் காட்டும் கடமை நம் தலைமுறைக்கு உரியது.