ஹாஜி நாரையின் வழி

துருக்கி நாட்டு மக்கள் செங்கால் நாரையை 'ஹாஜி நாரை' என்று அழைத்தனர். கோடையின் இறுதியில் கூட்டங்கூட்டமாகத் தெற்கே சென்று, வசந்தத்தில் பழைய கூட்டிற்கே திரும்பும் அப்பறவை மக்கா சென்று வருவதாக அவர்கள் கருதினர். ஹஜ்ஜுக் காலமோ சந்திரக் கணக்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வது. நாரை சூரியக் கணக்கை விட்டு விலகாதது. எனினும் அப்பெயரில் திசையேனும் சரியாக இருந்தது.

ஐரோப்பிய அறிஞர்க்கு அதுவும் எளிதில் பிடிபடவில்லை. பறவைகள் சில இடம்பெயர்வதை அறிந்திருந்த அரிஸ்டாட்டிலும், தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் இறகுதிர்த்துப் பொந்துகளில் ஒடுங்கும் என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், பறவைகள் நிலவுக்கே செல்வதாக வாதிட்டார்!

1822இல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்னும் ஊருக்கருகே ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி, ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீளமுள்ள ஈட்டி ஒன்று நின்றது. ஈட்டியோ மத்திய ஆப்பிரிக்காவினுடையது. தைத்த ஈட்டியோடு கண்டம் கடந்து வந்த பறவைக்கு, வந்த இடத்தில் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளது. 1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மார்ட்டென்சென், பறவைகளின் கால்களில் எண்ணிட்ட அலுமினிய வளையங்களைப் பூட்டத் தொடங்கிய பிறகே வலசை வழிகளை முறையாக ஆராய முடிந்தது.

நாரையைத் துரத்துவது குளிரைவிடப் பசியே. தவளையும் வெட்டுக்கிளியும் மறையுமுன் அது கிளம்பிவிடும். வெயிலில் சூடேறி மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பின் சிறகசைக்காமல் சரிந்து மிதந்து செல்வதே அதன் வழக்கம். கடலின்மேல் அத்தகைய காற்று எழுவது அரிது. ஆதலால் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு, மேற்கே ஜிப்ரால்டரிலும் கிழக்கே இஸ்தான்பூலின் பாஸ்பரஸ் நீரிணையிலும் குறுகிய நீர்ப்பரப்பைக் கடக்கிறது. கிழக்கு வழி துருக்கி, சிரியா, பாலஸ்தீனம், சினாய் எனச் சென்று நைல் நதியை அடையும். சிரியா வரையில் அது ஹாஜிகளின் பழைய பாதையை ஒட்டியதே.

அவ்வழியில் அமைந்த புர்சா நகரில், உஸ்மானியர் ஆட்சியின்போது, 19ஆம் நூற்றாண்டில், 'குரபாகானெயி லக்லகான்' என்றோர் இல்லம் ஏற்பட்டது. 'லக்லக்' என்பது நாரை. 'குரபா' என்பது ஊர்விட்டு வந்த திக்கற்றவர். காயமுற்று, கூட்டம் தெற்கே போனபின் தரையில் எஞ்சிய நாரைகளுக்கு அங்கே உணவும் மருந்தும் தரப்பட்டன.