கோல இலக்கணம்

கோல இலக்கணம் என்பது, எளிய விதிகள் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கணினியில் கோலம் உருவாக்கும் முறை. கணினியியலில் இது பட மொழிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988), கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி (1929–2019), பின்னாளில் சென்னை ஐஐடியில் பணியாற்றிய கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் இதன் முன்னோடிகள்.

வாக்கியங்கள் பிறக்கும் விதத்தை மாற்றீட்டு விதிகளால் விளக்கலாம் என்று 1950களில் நோம் சோம்ஸ்கி காட்டினார். அவ்விதிகள் குறியீடுகளை ஒரே வரியில் அடுக்குபவை. கோலத்துக்கோ நீளமும் அகலமும் உண்டு. 1972இல் சிரோமணி குழுவினர் இதற்கு வழி கண்டனர். முதலில் கிடைவரிசை ஒன்று பிறக்கும். அதன் ஒவ்வொரு குறியீட்டிலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழே வளரும். 1974இல் வெளியான கட்டுரையில் கோலங்களையே நேரடியாக ஆராய்ந்தனர்.

இதற்குச் சற்று முன், தாவர வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த முறையும் கம்பிக் கோலத்துக்குப் பொருந்தியது. ஆய்வு நூல்கள் கிருஷ்ணனின் காற்சதங்கை என்னும் பொருளில் பெயரிட்டுள்ள கோலம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் விதி ஒன்றே ஒன்று: ‘அ’ வரும் இடமெல்லாம் ‘அ, கோடு, அ, திருப்பம், அ, கோடு, அ’ என்று எழுதுக. திருப்பம் 90 பாகை, எப்போதும் ஒரே பக்கம். ‘அ, திருப்பம், அ’ என்று தொடங்கி முதல் சுற்றை முடித்தால் 4 கோடுகள். ‘அ’ எதையும் வரையாது என்பதால், கிடைப்பது வெறும் சதுரம். இரண்டாம் சுற்றில் 20 கோடுகள். நான்கு மூலைகளிலும் சுழி விழுந்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்று, தொடங்கிய இடத்திலேயே முடிகின்றன. மூன்றாம் சுற்றில் 84. முனைகளை வளைத்து வரைந்தால் வாசற்கோலமே கண்முன் நிற்கும். விதியில் எங்கும் ‘சுழி’ என்ற சொல்லே இல்லை. வியப்பு அதில்தான் இருக்கிறது.

விதிப்படி கட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஜான் கான்வேயின் உயிர் விளையாட்டும் (1970), 1980களில் ஸ்டீபன் வொல்ஃப்ராம் ஆராய்ந்த கட்டத் தானியங்கிகளும், எளிய விதியிலிருந்து சிக்கலான வடிவம் பிறக்கும் என்னும் இதே உண்மையை வேறு வழியில் காட்டுகின்றன. ஆனால் தென்காசி மாவட்டத்து ராயகிரியிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் மாணவிக்கு அவற்றைவிடக் கோலமே நெருக்கமான பாடம். புள்ளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் கை தடுமாறாமல் கம்பி இழுக்கும் பெண்கள் மனத்தில் வைத்திருப்பது படத்தை அல்ல, விதியை. அந்த அறிவை அறிவியல் என்று மதித்து நடத்தியதே சிரோமணி குழுவினரின் பெரும்பணி. அச்சுக் கோலமும் ஸ்டிக்கர் கோலமும் பரவிவரும் இந்நாளில், மாணவர்கள் தங்கள் வீட்டுக் கோலங்களின் விதிகளை எழுதிவைக்க வேண்டும். நிரலாக்கப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.