பலகைப் பாத்தியும் காணியுரிமையும்: நோர்வூட் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

மலைநாட்டு வரலாற்றை ஆராய்ந்தோர் தேயிலையின் ஏக்கர்க் கணக்கையும் தொழிற்சங்கப் போராட்டங்களையும் குடியுரிமைச் சட்டங்களையும் விரிவாக எழுதியுள்ளனர். லயத்து வாசலுக்கும் கானுக்கும் இடையே கிடக்கும் நான்கு முழ மரக்கறிப் பாத்தி அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. ஆயினும், டிக்கோயாவிலிருந்து வரும் பாதை பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் நோர்வூட்டைச் சூழ்ந்த தோட்டங்களில், இப்பாத்தியின் வரலாறு காணியுரிமையின் வரலாறாகவே அமைகின்றது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காணிகளை முடிக்குரியனவாக்கிற்று. அவை தோட்டத்துரைமாருக்கு மலிவாகக் கைமாறின. காடு கோப்பியாகிப் பின் தேயிலையாயிற்று. தமிழகத்திலிருந்து வந்து காடழித்த உழைப்பாளிக்குக் கிடைத்தது ஒரு காம்பரா மட்டுமே. வேலை போனால் காம்பரா போகும்; காம்பரா போனால் வாசற்பாத்தியும் போகும். இந்நிலையில் வாழ்ந்தோர் கல்லடுக்கி நிலையான வரம்பு கட்டுவதைவிட, கழித்த பலகையைச் செருகிப் பாத்தி அமைப்பதை எளிதெனக் கண்டனர் என்று கொள்வதில் தவறில்லை.

பலகைக்கு வேறு காரணங்களும் உண்டு. தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் இச்சரிவுகளில், தரைமட்டப் பாத்தியின் மேல்மண் ஒரே மழையில் கானுக்குப் போய்விடும். பாத்தியை ஓரடி உயர்த்தி, கீழ்ப்புறம் முளையடித்துப் பலகை நிறுத்தினால் மண் நிற்கும். மிகைநீர் இடுக்குகளால் வடிந்துவிடும். நிழல்மரக் கழிவு, இடிந்த லயத்தின் கைமரம், உடைந்த கதவு யாவும் இதற்கு உதவும். ஏறக்குறைய 50 கிலோ தூளை அடைத்துக் கொழும்புக்கு அனுப்பிய ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டியும் இவ்வரிசையில் சேரும். ஆனால் அது ஈரத்தில் விரைவில் பிரிந்துவிடும். கடதாசிச் சாக்கு வந்தபின் அப்பெட்டியும் அருகிவிட்டது. ரயில்பாதைச் சிலிப்பர்க் கட்டை நெடுநாள் நிலைக்கும். எனினும் அதில் ஊறிய தாரெண்ணெய் உணவுப்பயிருக்கு ஆகாது.

மண்ணின் இயல்பே முதன்மையான இடர். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் அத்தகைய புளிப்பைத் தாங்கா. இதற்கு மருந்து அடுப்படியிலேயே இருந்தது. கவ்வாத்து வெட்டிய மிலாறு விறகாகி எரிந்து விட்ட சாம்பல் மண்ணின் புளிப்பைத் தணிக்கும். அதனுடன் மாட்டெருவும் இலைக்குப்பையும் சேர்ந்தால், தேயிலை மண்ணிலேயே கோவா திரண்டு வரும். தேயிலையின் கழிவே தேயிலை மண்ணைத் திருத்தியது என்பது சிந்தனைக்குரியது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும் நாடற்றோராயும் நாடுகடத்தப்படுவோராயும் ஆக்கப்பட்ட மக்களை, 1973–74 உணவுத் தட்டுப்பாடு கொடிதாய்த் தாக்கியது. பசியால் பலர் மாண்டனர். பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கினவேயன்றி, அவற்றில் உழைத்தோருக்குக் காணி வழங்கவில்லை. மாறாக, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிரும் முயற்சி எழுந்தது. அதை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். வாசற்பாத்தியையும் அது கிடந்த மலையையும் மக்கள் வேறுவேறாகக் கருதவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மோடி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிவீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கெனக் குறிக்கப்பட்ட காணி 7 பேர்ச்சஸ். அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடும் வாசலும் போக எஞ்சுவதில் சில பாத்திகள் கொள்ளும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, மறு ஆண்டில் உணவு விலை எட்டாத உயரம் சென்றபோது, வீட்டுத்தோட்டம் நாடெங்கும் அரச முழக்கமாயிற்று. 2022 ஜூனில் அரச ஊழியருக்குப் பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. நாட்கூலிக்குக் கொழுந்தெடுப்போர் அவ்விடுமுறைக்கு உட்பட்டோரல்லர். அவர்கள் வழக்கம்போல் மாலையில் மலையிறங்கி வந்தே பாத்திக்கு மண் அணைத்தனர்.