நெட்டியும் தாமரையும்: விரியும் ஈயக்குண்டின் அளவுக் கணக்கு

1857-ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் இராணுவச் செலவு மதிப்பீட்டில் ஒரு சிறிய இனம் உண்டு. வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கித் தொழிலாளருக்கு 1,000 பவுண்டு. மினியே கொள்கை என்று வழங்கும் குண்டு விரிவுக் கொள்கையை 1836-இல் முதன்முதலாகப் பொதுவில் எடுத்துரைத்ததற்காக இந்தத் தொகை என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அதே கொள்கைக்காகப் பிரெஞ்சுக்காரரான மினியே அதற்கு முன்பே 20,000 பவுண்டு வாங்கிவிட்டார். இருபதில் ஒரு பங்கு கொடுத்து வாயை அடைத்ததாகத் தோன்றினால் அது கிரீனர் குடும்பத்துக்கும் தோன்றியதுதான்.

மகன் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1881-இல் வெளியிட்ட ‘துப்பாக்கியும் அதன் வளர்ச்சியும்’ நூலில், விரியும் குண்டைக் கண்டவர் தன் தந்தையே என்று நிறுவ முயல்கிறார். இன்றுவரை இத்துறையில் எழுதுவோர் பலர் அந்த வாசிப்பையே வழிமொழிகிறார்கள். இதை வெறும் தந்தைப் பாசம் என்று தள்ளிவிட முடியாது. பின்புறம் நிரப்பும் துப்பாக்கியைத் தந்தை ஏற்கவில்லை என்பதால் 1855-இல் பிரிந்துபோய்த் தனிப்பட்டறை வைத்தவர் மகன். சண்டை போட்ட மகன் தரும் சான்று என்பதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு. ஆனால் சான்றுக்கு எடை இருப்பதால் முடிவு சரியாகிவிடாது.

மதிப்பீட்டு வரியை மீண்டும் படிக்க வேண்டும். அதில் ‘கண்டுபிடித்தமைக்கு’ என்ற சொல் இல்லை. ‘பொதுவில் எடுத்துரைத்தமைக்கு’ என்றுதான் இருக்கிறது. கணக்கெழுதும் அதிகாரி ஒரு அடைமொழியைச் சும்மா சேர்ப்பதில்லை. ‘பொதுவில்’ என்று வரையறுத்தாலே, பொதுவுக்கு வராமல் வேறொருவர் முன்பே சொல்லியிருக்கலாம் என்ற வாய்ப்பைத் திறந்து வைத்ததாகிறது. அந்த வேறொருவர் 34-ஆம் படைப்பிரிவின் கேப்டன் ஜான் நார்ட்டன் என்பது என் வாசிப்பு. மகன் கிரீனரின் வாதத்தில் அந்த ஓர் அடைமொழி காணாமல் போகிறது.

ஆண்டும் இடிக்கிறது. கிரீனரின் குண்டை 60-ஆம் ரைபிள் படையினர் டைன்மவுத்தில் சோதித்தது 1835 ஆகஸ்டில். மதிப்பீடு சொல்வது 1836. சோதனைக்கும் எழுத்தில் வந்ததற்கும் இடைப்பட்ட காலமாக இருக்கலாம். எழுத்தர் பிழையாகவும் இருக்கலாம். இதற்கு மேல் நான் அழுத்தமாட்டேன்.

நார்ட்டனின் ஆண்டும் இதற்குச் சளைத்ததல்ல. அடிப்பக்கம் குடைந்த கூம்புக் குண்டை அவர் 1823-இல் செய்தார் என்பர் ஒரு சாரார். 1832 என்பர் மற்றொரு சாரார். கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்தால் அச்சுக் கோத்தவரின் கை தெரிகிறது. ஆனால் எது மூலம், எது பிழை? 1823 என்றால் கிரீனருக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்துகிறார்; 1832 என்றால் மூன்றே ஆண்டு. எப்படியும் முந்துகிறார் என்பதே என் வாதத்துக்குப் போதும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நார்ட்டனின் மனம் பெரிதும் ஓடியது வெடிக்கும் குண்டுகளைப் பற்றி. குடைவு அவருக்கு எந்த அளவு விரிவுக்காக, எந்த அளவு வேறு நோக்கத்துக்காக என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இனி, நான் தங்கிப் பார்க்க விரும்பும் இடம். நார்ட்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது இங்குள்ளோரின் ஊதுகுழல் அம்பைப் பார்த்தாராம். அதன் அடிப்பகுதி தாமரைத் தண்டின் சோற்றால் ஆனதாம். ஊதும்போது அது விரிந்து குழலின் சுவரை அடைத்து, காற்று கசியாமல் தடுத்ததாம். அதிலிருந்துதான் விரியும் குண்டு பிறந்தது என்பது கதை. பிற்காலத்தார் சிலர் எழுதும்போது இன்னும் வழுக்கி, நார்ட்டனின் குண்டுக்கே தாமரைச் சோற்றால் அடி வைத்துவிட்டார்கள். அம்பின் அடி ஈயக்குண்டின் அடியாக மாறிவிட்டது.

தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர்களுக்கு இது உறுத்தும். உள்ளே வரிசையாய்க் காற்றுக் குழிகள், இழுத்தால் நூல் நூலாக வரும் நார். காய்ந்தால் சுருங்கி ஒட்டிப்போகும். அதைக் கொண்டு குழாயை அடைக்க முடியாது. அதே குளத்தில், அதே சேற்றில், தாமரைக்குப் பக்கத்தில் வளரும் இன்னொரு செடி உண்டு: நெட்டி. தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் தேரும் செய்கிறார்களே, அந்த வெள்ளை நெட்டி. கத்தி வைத்தால் வெண்ணெய்போல் சீவும். எடையே இல்லை. சற்றுப் பருமனாகச் சீவி ஒரு குழாய்க்குள் திணித்தால் அமுங்கிக்கொடுத்துச் சுவரைத் தழுவி நிற்கும். குளத்துத் தாவரம் என்றதும் தாமரை என்று ஓர் அந்நியர் எழுதியிருப்பது இயல்பு. நார்ட்டன் பார்த்தது நெட்டி அடி வைத்த அம்பு என்று நான் கருதுகிறேன். நேர்ச்சான்று இல்லை, பொருளின் தன்மையை வைத்துச் செய்யும் ஊகம் இது.

இந்த ஊகத்துக்குப் பக்கபலம் ஒன்று உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி 1924-இல் விரிவாக எழுதினார். தமிழில் சுங்குத்தான் என்ற பெயர் மலாயின் சும்பித்தானிலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. போர்னியோவின் சும்பித்தான் அம்புகளுக்கு அடியில் இலேசான செடிச்சோற்றைக் கூம்பாகச் சீவி வைப்பது வழக்கம். கருவி கடல் கடந்து வந்ததென்றால் அந்த அடியும் கூடவே வந்திருக்கலாம். கைக்கு எட்டிய உள்ளூர்ச் சோறு அந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். (இடையில் ஒரு சொல்: துப்பாக்கி என்ற நம் சொல்லுக்கு உறவான துருக்கியத் ‘துஃபெக்’கின் மூத்த வடிவம், பதினோராம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரியின் அகராதியில், குருவி சுடும் ஊதுகுழலைத்தான் குறிக்கிறது.)

நெட்டி என்று வைத்துக்கொண்டால் இன்னொன்றும் புலப்படுகிறது. நெட்டி அடி குழலுக்குள் விரிவதில்லை. அது குழலைவிடத் துளி பெரியதாகச் சீவப்பட்டு, உள்ளே போகும்போதே அமுங்குகிறது. கதையைச் சொன்னவர் கண்டது அமுக்கம், எழுதியது விரிவு. அவர் கவலை ஈயக்குண்டைப் பற்றியது; அதற்கு விரிவுதான் விடையாக இருந்தது.

அந்தக் கவலை வார்ப்பச்சில் தொடங்குகிறது. வாய்வழி நிரப்பும் துப்பாக்கியில் குண்டு முனையிலிருந்து அடிவரை இறங்க வேண்டும். நாலு வெடிக்குப் பிறகு குழலில் கரி படிந்துவிடும். ஆகவே அச்சைக் குழலைவிடச் சிறியதாக வெட்டினார்கள். பிரிட்டிஷ் பழைய மஸ்கட்டின் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69. மீதி இடைவெளியில் வெடிவாயு வீணாகும், குண்டு குழலில் இடறி எங்கோ போகும். வரிக்குழல் துப்பாக்கிக்கோ குண்டு வரியைப் பிடிக்க வேண்டும். பேக்கர் ரைபிள் வந்த புதிதில் குண்டை இறக்கப் படைவீரருக்கு மரச்சுத்தியலே கொடுத்தார்கள். சிறியதாய் இறங்கி, பெரியதாய்க் கிளம்பும் குண்டு வேண்டும் என்பதே 1820 முதல் 1850 வரை எல்லோரும் மோதிய சுவர்.

கிரீனர் தந்தை அதைக் கடந்தது உண்மை. முட்டை வடிவக் குண்டின் ஒரு முனையைத் தட்டையாக்கித் துளையிட்டு, அதில் ஈயமும் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த கூம்பு முளை ஒன்றைச் செருகினார். வெடித்ததும் முளை உள்ளே ஏறிக் குண்டை விரியச் செய்யும். சோதனையில் அது வென்றது. இரண்டு துண்டுகளால் ஆனது என்று காரணம் காட்டி அரசு மறுத்தது. மகன் கிரீனருக்கு இது அதிகாரிகளின் மூடத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துண்டு இரண்டானால் அச்சு இரண்டு, கலவை இரண்டு, உருக்கு இரண்டு. முளை கோணலாய் உட்கார்ந்தால் குண்டும் கோணலாய் விரியும். பட்டறையில் நின்று பார்த்தால் மறுப்புக்கு நியாயம் இருந்தது. மினியேயின் 1849 குண்டிலும் இரும்புக் கிண்ணம் என்ற இரண்டாம் துண்டு இருந்தது. அதை அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் கழற்றி எறிந்தார். குடைவைச் சரியாக அமைத்தால் வாயுவே ஓரத்தை விரிக்கும் என்று காட்டி, ஒரே ஊற்றில் வார்க்கும் குண்டைத் தந்தார். 1855-இல் அமெரிக்கப் படை அதை ஏற்றது. போட்டியில் வென்றது அச்சின் எளிமை என்பேன்.

இங்கிலாந்து இதிலும் முன்னும் பின்னுமாக நடந்தது. 1853 என்ஃபீல்டு ரைபிளின் குழல் 0.577 அங்குலம். அதற்கு முதலில் வந்த பிரிட்செட் குண்டு 0.568, முளை இல்லை. இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான். அது இறங்க மறுக்கிறது என்ற புகார்களுக்குப் பின் 1859-இல் பாக்ஸர் என்ற இராணுவ அதிகாரி குண்டை 0.55 ஆக்கினார். இடைவெளி மும்மடங்கானது. விரிவை உறுதிசெய்ய மரமுளை திரும்பி வந்திருந்தது, பிறகு சுட்ட களிமண் முளை. கிரீனர் தோற்ற இடத்தில் அவர் முளை மறுபிறவி எடுத்தது. இதை மகன் கிரீனர் தன் பக்கத்துச் சான்றாகக் கொள்ளலாம். அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

பின்புறம் நிரப்பும் துப்பாக்கி வந்ததும் கணக்கு தலைகீழானது. குண்டு குழல் முழுதும் இறங்க வேண்டியதில்லை. அடியில் தோட்டாவில் உட்கார்ந்தால் போதும். அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஜான் பார்லோ 1884-இல் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் இடுக்கி அச்சுகள் வேட்டைக்காரர்களின் அடுப்படிக்கே வார்ப்பைக் கொண்டுபோயின. இப்போது வீட்டில் வார்ப்பவர் முதலில் ஒரு மெல்லீயக் கட்டியைக் குழலுக்குள் தட்டி ஓட்டி, வெளிவந்ததை நுண்மானியில் அளக்கிறார். 327 பாகை செல்சியஸில் உருகும் ஈயத்தில் சிறிது வெள்ளீயம் கலக்கிறார்; அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்ப அது உதவும். ஊற்றியதும் மேலே நிற்கும் கொண்டையை வெட்டித் தள்ளி, குழலைவிடத் துளி பெரியதாய் விழுந்த குண்டைக் கொழுப்புப் பூசி எஃகுத் துளைவழியே அழுத்தி ஒடுக்குகிறார். வரிப்பள்ளத்தின் அளவைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் கூடுதலாக நிறுத்துகிறார். சுடும்போது குழல் மீதியை அமுக்கிக்கொள்கிறது, நெட்டி அம்பின் அடியைச் சுங்குத்தான் அமுக்கிக்கொண்டதுபோல.