சிறுத்த தழும்பு, நீண்ட காத்திருப்பு: முழங்கால் அறுவையும் சிங்கப்பூரின் விமானிப் பயிற்சியும்

போர் விமானிப் பயிற்சியில் சேரவிருக்கும் ஒருவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தால் அவர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. அறுவையின் தழும்பு சிறுத்துக்கொண்டே வந்தது. காத்திருக்கும் காலமோ நீண்டுகொண்டே போனது. சிங்கப்பூரில் இவ்வரலாற்றின் மருத்துவப் பக்கம் தஞ்சோங் பகாரை ஒட்டிய சிப்பாய் லைன்ஸ் மேட்டில் தொடங்குகிறது. விமானப் பக்கம் தீவின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த பிரிட்டிஷ் தளங்களில் தொடங்குகிறது. தேசிய சேவை இரண்டையும் ஒன்று சேர்த்தது.

சிப்பாய் லைன்ஸ் மருத்துவமனை

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-இல் அமைந்தது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் பெருகியதும், சரக்கு ஏற்றி இறக்கத் தமிழரும் சீனரும் அவ்வட்டாரத்தில் திரண்டனர். துறைமுகத்திலிருந்து சற்று உள்ளே, ஊட்ரம் ரோட்டை ஒட்டிய மேட்டில், இந்தியப் படைவீரர்களின் குடியிருப்பு வரிசைகள் இருந்தன. சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் அதனால் வந்தது. அங்கே வழிபடப்பட்ட பிள்ளையாருக்குத்தான் 1925-இல் கியோங் சைக் சாலையில் லயன் சித்தி விநாயகர் கோயில் எழுந்தது.

பொது மருத்துவமனை 1882-இல் இம்மேட்டுக்கு வந்தது. 1905-இல் பக்கத்திலேயே மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1926-இல் மருத்துவமனைக்குப் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் மணிக்கூண்டுள்ள பவ்யர் பிளாக் இன்றும் இருக்கிறது. தீவின் பெரிய எலும்பு முறிவுகளும் மூட்டுக் காயங்களும் தலைமுறை தலைமுறையாக இங்கேதான் வந்து சேர்ந்தன.

அசையாமை என்ற மருந்து

அக்கால மருத்துவம் அடிபட்ட முழங்காலுக்கு முதலில் விதித்தது அசையாமையை. லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூட்டுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு தேவை என்று வற்புறுத்தினார். டச்சு ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மாதைசன் 1852-இல் விவரித்த மாவுக்கட்டு அந்த ஓய்வை எளிதாக்கியது. வாரக்கணக்கில் கட்டுக்குள் கிடந்த காலில் வீக்கம் வற்றியது. கூடவே தொடைத் தசையும் வற்றியது. கட்டுப் பிரித்த பிறகு மூட்டை மடக்க முடியாமல் போவதும் உண்டு.

முழங்காலில் அதிகம் அடிபடுபவை இரண்டு. ஒன்று, தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இருந்து அதிர்வைத் தாங்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு. மற்றொன்று, கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்க மூட்டுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்னும் தசைநார். பேச்சு வழக்கில் எது கிழிந்தாலும் ஜவ்வு கிழிந்தது என்றே சொல்வார்கள். ஆனால் இரண்டும் குணமாகும் விதம் வேறு, காலமும் வேறு.

எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் 1883-இலேயே கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்துப் பார்த்தார். லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலுவைத் தசைநார்களை (ஏசிஎல் அவற்றில் ஒன்று) தைத்தார். அறுந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக நோயாளியின் தொடையிலிருந்தே திசுப் பட்டை எடுத்து வைக்கும் முறையை எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ் 1917-இல் வெளியிட்டார். இவை முன்னோடி முயற்சிகளாகவே நின்றன. நடைமுறையில் மருத்துவர்கள் மூட்டைத் திறந்து, கிழிந்த மெனிஸ்கஸை முழுவதும் எடுத்துவிட்டார்கள். உடலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்ற நம்பிக்கை நிலவியது. எடுத்த பிறகு ஆறுவதற்கு வெட்டுக்காயம் மட்டுமே மிச்சம். சில வாரங்களில் வீரர் அணிவகுப்புக்குத் திரும்பினார். விலை பிறகு தெரிந்தது. மெனிஸ்கஸ் எடுக்கப்பட்ட முழங்கால்களில் காலப்போக்கில் தேய்மானத்தின் அடையாளங்கள் தோன்றுவதை பிரிட்டிஷ் மருத்துவர் ஃபேர்பேங்க் 1948-இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு காட்டினார்.

போர் கற்றுத்தந்த உடற்பயிற்சி

அசையாமைக் கொள்கையை உடைத்தது இரண்டாம் உலகப் போர். பல்லாயிரம் இளைஞர்களை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கப் படைகளால் முடியவில்லை. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், சிகாகோ ராணுவ மருத்துவமனை ஒன்றில் முழங்கால் நோயாளிகளின் காலில் இரும்புக் காலணி மாட்டி, எடையைப் படிப்படியாக ஏற்றித் தொடைத் தசையை வளர்த்தார். 1945-இல் அவர் வெளியிட்ட அந்த முறை இன்றைய பிசியோதெரபியின் அடிப்படைகளில் ஒன்று. பிரிட்டனில் எலும்பியல் மருத்துவர் ரெஜினால்ட் வாட்சன்-ஜோன்ஸ், அடிபட்ட விமானப்படையினருக்கு மருத்துவமனைக்கு வெளியே தனி மறுவாழ்வு நிலையங்கள் வேண்டும் என்று வாதிட்டு அமைத்துக் காட்டினார். கட்டுப் பிரித்த நாளோடு சிகிச்சை முடிவதில்லை, பழைய வேலையைச் செய்ய முடிகிற நாளில்தான் முடிகிறது என்ற கருத்து இந்த நிலையங்களில் வேரூன்றியது.

தனி நாட்டின் வான்படை

சிலேத்தார், தெங்கா தளங்கள் பிரிட்டிஷ் விமானப்படையின் கையில் இருந்தவரை, சிங்கப்பூர் இளைஞர்களின் முழங்காலைப் பற்றி எந்த விமானப்படையும் கவலைப்படத் தேவை இருக்கவில்லை. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்ததும் நிலைமை தலைகீழானது. அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் வான் தற்காப்புத் தளபத்தியம் உருவானது. 1969-இல் செஸ்னா 172 விமானங்கள் வந்தன. சிலேத்தாரில் விமானப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. ஸ்டிரைக்மாஸ்டர் ஜெட் பயிற்சி விமானங்களும் ஹன்டர் போர் விமானங்களும் பின்தொடர்ந்தன. 1975 ஏப்ரல் 1-ஆம் தேதி அப்படை சிங்கப்பூர் ஆகாயப்படை என்று பெயர் மாறியது.

செஸ்னாவிலிருந்து ஜெட்டுக்கு மாறியபோது விமானியின் காலுக்கு வேலை கூடியது. எல்லா விமானத்திலும் சுக்கான் மிதிகளைக் கால்தான் இயக்குகிறது. தரையில் பிரேக் பிடிப்பதும் அதே மிதிகளின் நுனியில்தான். ஜெட்டில் அதோடு எஜெக்‌ஷன் இருக்கையும் உண்டு. ஆபத்தில் விமானி அதை இயக்கினால் ராக்கெட் அல்லது வெடிவிசை அவரை இருக்கையோடு மேலே எறியும். காற்றின் வேகத்தில் கால்கள் விரிந்து முறியாதிருக்க, கணைக்கால்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பட்டைகள் இருக்கும். பிறகு பாராசூட்டில் வந்து தரையில் மோதும் விசையின் பெரும்பகுதி முழங்கால் வழியாகவே போகிறது.

காலுக்கு வேலை கூடியதற்குத் திருப்பங்களில் ஏற்படும் ஈர்ப்பு விசை மற்றொரு காரணம். ரத்தம் மூளையிலிருந்து கீழிறங்கிப் பார்வை இருளாமல் இருக்க விமானி தொடை, கெண்டைக்கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கனடாவின் வில்பர் ஃபிராங்க்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது உருவாக்கிய ஈர்ப்பு எதிர்ப்பு உடையின் வழிவந்த உடைகள் தொடையையும் கெண்டைக்காலையும் அழுத்திப் பிடிக்கும். மடக்குவதற்காக முழங்காலை மட்டும் விட்டுவிடும். உடை துணையாகத்தான் இருக்கும். தசை விமானியுடையதாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் முதலில் வற்றுவது இதே தொடைத் தசை. மணிக்கணக்காக மடக்கிய காலோடு குறுகிய இருக்கையில் உட்கார்ந்திருப்பதும் வீக்கம் வற்றாத மூட்டுக்குக் கடினம். இதற்கெல்லாம் முன்பே, விமானியாக விரும்புபவர் அடிப்படை ராணுவப் பயிற்சியிலும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளியிலும் முதுகில் சுமையோடு நடந்து, ஓடி, தடைகளைத் தாண்டியாக வேண்டும்.

சின்னத் துளை, பெரிய மாற்றம்

சிங்கப்பூரில் ஜெட் பயிற்சி தொடங்கிய அதே காலத்தில் முழங்கால் அறுவையும் புது வழியில் திரும்பிக்கொண்டிருந்தது. தோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வத்தனாபே 1950-களின் இறுதியில் உருவாக்கிய 21-ஆம் எண் கருவி உலகம் முழுவதும் பரவியது. 1962-இல் அவர் மூட்டைத் திறக்காமல், சிறு துளை வழியாகவே கிழிந்த மெனிஸ்கஸின் ஒரு பகுதியை மட்டும் நீக்கினார். கனடாவின் ராபர்ட் ஜாக்சன் 1964-இல் தோக்கியோ சென்று இதைக் கற்று மேற்கு நாடுகளுக்குக் கொண்டு போனார். ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் இம்முறை 1970-களிலும் 1980-களிலும் பொதுவழக்காயிற்று. சிப்பாய் லைன்ஸ் மேட்டில் 1981-இல் எழுந்த புதிய பொது மருத்துவமனைக் கட்டடங்கள் இந்தப் புதிய காலத்தில் திறக்கப்பட்டவை.

துளை சிறியதானதும் நோயாளிகள் விரைவில் குணமாவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கிழிந்த துண்டை நீக்குவதோடு அறுவை முடிந்தால் அது உண்மையும்கூட. ஆனால் அதே கருவி மெனிஸ்கஸை எடுக்காமல் தைப்பதையும் ஏசிஎல்லை மாற்றி அமைப்பதையும் எளிதாக்கியது. தைத்த திசு உயிரோடு ஒட்ட வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த குருத்தெலும்பில் அது மெதுவாகவே நடக்கும். அதனால் முதல் சில வாரங்களுக்கு முழங்காலை ஆழமாக மடக்க விடுவதில்லை.

ஏசிஎல்லின் கணக்கு இன்னும் கடுமையானது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணிலிருந்து எடுத்து வைக்கும் முறையை கென்னத் ஜோன்ஸ் 1963-இல் விவரித்தார். தொடையின் பின்புறத் தசைநாண்களும் பின்னர் பயன்பட்டன. பொருத்தப்பட்ட தசைநாண் முதலில் தன் ரத்த ஓட்டத்தை இழக்கிறது. பழைய செல்கள் மடிந்து, புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்த பிறகே மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. ஆறாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையே அது மிகவும் பலவீனமாக இருக்கும். நோயாளிக்கு வலி போய், வீக்கம் வற்றி, இனி ஓடலாம் என்று தோன்றும் காலமும் அதுவே.

தேசிய சேவையும் காலக்கணக்கும்

1967-இல் தேசிய சேவை கட்டாயமான பிறகு, சிங்கப்பூர் ஆண்கள் அனைவரும் பதின்ம வயதின் இறுதியில் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். இதை நடத்திய மத்திய மனிதவளத் தளம் 1972 முதல் டெம்சி ரோட்டிலும், 1989 முதல் தஞ்சோங் பகாருக்கு மேற்கே டிப்போ ரோட்டிலும் இயங்கியது. ஒவ்வொருவருக்கும் பெஸ் எனப்படும் உடல்தகுதி நிலை வழங்கப்படுகிறது. விமானியாக விரும்புபவருக்கு அதற்கு மேல் விமான மருத்துவப் பரிசோதனையும் உண்டு. பள்ளியிலும் கல்லூரியிலும் காற்பந்து, கூடைப்பந்து ஆடும் வயதும் படையில் சேரும் வயதும் ஒன்றையொன்று ஒட்டியே வருவதால், அறுவைக்கும் சேர்க்கைக்கும் இடைப்பட்ட மாதங்கள் முக்கியமாயின.

இந்த இடைவெளியை விதியாகவே எழுதி வைத்த படைகளும் உண்டு. 2018-இல் வெளியான அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொது ஆள்சேர்ப்பு விதிகள், மெனிஸ்கஸில் ஒரு பகுதியை நீக்கியவரை 3 மாதமும், தைத்துக்கொண்டவரை 6 மாதமும், ஏசிஎல்லை மாற்றி அமைத்துக்கொண்டவரை 12 மாதமும் சேர்க்கக் கூடாது என்றன. அதன் பிறகும் மூட்டு தளர்ந்திருந்தாலோ தொடை மெலிந்திருந்தாலோ சேர்க்கை கிடையாது என்றும் கூறின. எடுத்தால் குறைந்த காத்திருப்பு, காப்பாற்றினால் கூடிய காத்திருப்பு என்ற வேறுபாடு இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது.

நாட்காட்டியோடு காலின் திறனையும் அளக்கும் பழக்கமும் உறுதிப்பட்டது. அமெரிக்காவின் ஷெல்போர்னும் நிட்ஸும் 1990-இல், ஏசிஎல் நோயாளியைத் தொடக்கத்திலேயே நடக்க வைத்து, காலை முழுவதும் நீட்டச் செய்யும் விரைவு முறையை வெளியிட்டார்கள். விரைவில் நடப்பது நல்லதே என்றாலும், விரைவில் ஆட்டத்துக்குத் திரும்புவது வேறு. விளையாட்டு வீரர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் 9 மாதம்வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. தொடைத் தசையின் வலிமையும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலுடன் ஒப்பிடுகையில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பிசியோதெரபியில் பரவலான அளவுகோலாயிற்று.

சிங்கப்பூர் ஆயுதப்படையின் உடல்தகுதித் தேர்வில் 2015 வரை நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலும், குறுக்கும் நெடுக்கும் ஓடித் திரும்புதலும் இருந்தன. இரண்டும் முழங்காலைத் தாவி இறங்கவும் சட்டென்று திரும்பவும் வைப்பவை. அவ்வாண்டு அவை நீக்கப்பட்டு, தேர்வு தண்டால், படுத்தெழும் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றாக மாறியது. ஆகவே இத்தேர்வில் தேறினாலே ஏசிஎல் உறுதியாகிவிட்டது என்று கொள்ள முடியாது. அதற்குத் தனிச் சோதனைகள் தேவை.

ஆகாயப்படையின் அடிப்படை விமானப் பயிற்சி 1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பியர்ஸ் தளத்துக்குப் போனது. 2008 முதல் அங்கே பிசி-21 விமானங்களில் நடக்கிறது. கடல் கடந்து குறிப்பிட்ட கால அட்டவணையில் ஓடும் பயிற்சியில் நடுவழியில் மூட்டு வீங்கினால், பயிற்சி பெறுபவர் தம் அணியை விட்டுப் பின்தங்க நேரும். முதல் அறுவையைவிட மறு அறுவையின் பலன் பொதுவாகக் குறைவு என்பதால், அவசரத்தால் வரும் இழப்பும் பெரியது. அறுவை, தசை மீட்பு, தாவல் சோதனை, அதன்பின் ராணுவப் பயிற்சி, கடைசியில் விமானம் என்ற வரிசை இவ்வாறு உருவானது. தைத்த திசுவும் பொருத்திய தசைநாணும் உறுதிபெற எடுக்கும் மாதங்களே இந்த வரிசையின் நீளத்தை முடிவு செய்கின்றன.